பதினாறு பேருக்கு மீன் சாப்பாடு

14 ஜூன், சனி

தெரியும். நான்கு முறை போயிருக்கிறேன். இரண்டு முறை பாலிடெக்னிக்கைக் கட் அடித்துவிட்டு, ஒரு முறை ஆகாஷின் அண்ணன் கல்யாணத்துக்கு, ஒரு முறை சும்மா. பீச் ரோட்டில் வண்டியை எங்கே நிறுத்தினால் போலீஸ் விசில் அடிக்காது, பெண்களுக்கு நல்ல பாத்ரூம் எங்கே இருக்கிறது, கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள், எல்லாம் தெரியும். "பாண்டிச்சேரியப் பத்தி உனக்கு இன்னாடா தெரியும்?" என்று அப்பா கேட்டபோது இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "கூகுள்ல பாத்துக்கலாம்ப்பா" என்றேன். என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்.

விஷயம் இதுதான். என் பிரெண்டு ஆகாஷ் டெம்போ டிராவலர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முகூர்த்த நாளில் கல்யாணத்துக்கு ஓடுகிறது. மற்ற நாளெல்லாம் அவன் வீட்டு வாசலில் நிற்கிறது, கோழி ஏறி உட்காருகிறது. எங்கள் தெருவிலோ ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும். அமாவாசை அன்றுதான் ஆரணியில் நெசவுக்காரர்களுக்கு லீவு. அன்று என்ன செய்கிறார்கள்? துணி துவைக்கிறார்கள், தூங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அந்த ஒரு நாளில் வண்டியை நிரப்பிக் காலையில் கூட்டிப் போய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்துவிட்டால்? மாதம் ஒரு அமாவாசை. மாதம் ஒரு ஊர். நான் ஆட்களைச் சேர்ப்பேன், ஆகாஷ் ஓட்டுவான்.

அப்பாவுக்கு வேறு யோசனை. செய்யாரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை பேசிவிட்டார். முப்பதாம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். கம்பெனி பஸ் விடிகாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வரும். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்ட பிறகு நான் செல்போன் கடையில் நான்கு மாதம், கொரியரில் இரண்டு மாதம், ஜவுளிக்கடையில் ஒன்பது நாள் இருந்தவன். அவர் பயம் அவருக்கு.

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. வருகிற அமாவாசைக்கு ஒரு டூர். அம்மாவோடு அப்பாவும் வருவார். "பதினாலு பேர கூட்டிகினு போறல்ல? அதுல ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏண்டா வந்தோம்னு சொன்னாலும் நீ செய்யார் பஸ்சு ஏறணும். ஒருத்தரும் சொல்லலன்னா கம்பெனி பேச்சே எடுக்க மாட்டேன்."

சரி என்றேன். பாண்டிச்சேரிக்குப் போய் யாராவது ஏண்டா வந்தோம் என்பானா?

17 ஜூன், செவ்வாய்

பதினோரு சீட் ஆயிற்று.

19 ஜூன், வியாழன்

பதினாலும் ஆயிற்று. கடைசி இரண்டு சீட் யாருக்குப் போயிற்று தெரியுமா? கமலக்கண்ணன் மாமாவும் ஜெயம் அத்தையும்.

சொந்த மாமா இல்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அப்பா நெய்வது அவர் கொடுக்கிற பாவு நூல், அவருடைய பட்டு, அவருடைய ஜரிகை. நெய்த புடவையை மடித்து அவரிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதித் தறி அவருக்குத்தான் ஓடுகிறது. புடவையை வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை திருப்புவார், அப்புறம் "ம்" என்பார். அந்த "ம்" வரும் வரைக்கும் அப்பா உட்கார மாட்டார். எதையும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் கல்யாண வீடியோவில்கூட அப்படித்தான் நிற்கிறாராம், அத்தை சொல்லிச் சிரிப்பாள்.

அத்தைதான் அடம் பிடித்துக் கூட்டி வருகிறாள். "இருவத்தாறு வருசமா இந்த ஆளு என்ன கூட்டிகினு போன ஒரே ஊரு காஞ்சிபுரம்டா தமிழு. அதுவும் ஜரிக வாங்க."

மெஸ்ஸுக்குப் போன் போட்டேன். போட் ஹவுஸ் பக்கம், ஊருக்கு வெளியே, ஆகாஷுக்குத் தெரிந்த அக்கா. பதினாறு மீன் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல், மீன் குழம்பு, இறா தொக்கு. சாப்பாடு எங்கே என்று கேட்பவர்களிடம் வாயைத் திறக்கப் போவதில்லை. சர்ப்ரைஸ். மாமாவே அசந்து போவார்.

24 ஜூன், செவ்வாய்

நாளைக்கு. என் பயமெல்லாம் ஒன்றுதான், ஆண்கள். பாண்டிச்சேரியில் தெருவுக்கு நாலு ஒயின்ஸ். எட்டு ஆம்பிளை. எட்டுப் பேரையும் எப்படி எண்ணிக்கொண்டே இருப்பது? ஆகாஷ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று முடிவு. அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "போடா, அமாவாசயில எவன்டா தொடுவான்" என்றார். அட, ஆமாம்! பெரிய தலைவலி போயிற்று. அமாவாசை நம் பக்கம்.

26 ஜூன், வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன், ஒன்று விடாமல்.

ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஏழேகாலுக்குக் கிளம்பியது. காரணம் காக்கா. எல்லாரும் விடியற்காலையிலேயே குளித்துப் படைத்துவிட்டார்கள். படைத்ததைக் காக்காய்க்கு வைத்தால்தான் வாசலைத் தாண்டுவார்கள். எல்லார் வீட்டுக் காக்காவும் வந்துவிட்டது, மாமா வீட்டுக் காக்கா மட்டும் வரவில்லை. மொட்டை மாடியில் அத்தை வடையை வைத்துக்கொண்டு "கா, கா" என்று கத்துகிறாள். கீழே பதின்மூன்று பேர் வண்டியில் உட்கார்ந்து மேலே பார்க்கிறார்கள். ஆகாஷ் ஹார்ன் அடித்தான், வந்துகொண்டிருந்த ஒரு காக்காவும் பறந்து போயிற்று. "உங்க அப்பாரு உசுரோட இருக்கசொல்லவும் இப்டித்தான், கூப்ட்டா வர மாட்டாரு" என்று அத்தை மாமாவைப் பார்த்துச் சொன்னாள். வண்டியே சிரித்தது, மாமாவைத் தவிர.

அந்த வடையையும் அந்தச் சோற்றையும் கண்ணால் பார்த்தேனே. அப்போதாவது என் மூளைக்கு ஏதாவது எட்டியதா? இல்லை. ஜல்தி ஜல்தி என்று கத்திக்கொண்டு இருந்தேன்.

வந்தவாசி, திண்டிவனம், பத்தரைக்குப் பாண்டிச்சேரி. முதலில் மணக்குள விநாயகர். அப்புறம் கடற்கரை.

கடலைப் பார்த்ததும் எல்லாரும் ஓடுவார்கள் என்று நினைத்தேன். நின்றார்கள். கறுப்புப் பாறைமேல் அலை அடிக்கிறது, பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், வெயில் மண்டையைப் பிளக்கிறது. சப்பென்று ஆகிவிட்டதோ என்று எனக்குப் படபடப்பு. அப்போது அப்பா சொன்னார், "பாவு பச்சை. ஊடை நீலம்."

நீளவாக்கு நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை வேறு நிறமாக நெய்தால் புடவை திரும்பும்போதெல்லாம் நிறம் மாறும். கடல் அப்படி இருக்கிறதாம். உடனே பக்கத்தில் நின்றவர், "பச்ச இல்ல, அது மயில்கழுத்து" என்றார். இன்னொருவர், "தோ பாரு, வெயில் பட்ட எடம், அது ராமர் பச்ச" என்றார். அரைமணி நேரம் சண்டை. கடலை வைத்துக்கொண்டு சண்டை! பக்கத்தில் ஐஸ் விற்றவன் விற்பதை விட்டுவிட்டு இவர்களையே பார்த்தான். மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார். புடவையைப் பிடித்துப் பார்க்கிற அதே பார்வை. "ம்" என்றார். சத்தியமாக. நான் ஆகாஷைக் கிள்ளினேன்.

அதோடு தொடங்கியது. பிரெஞ்சுக்காரன் தெருவில் ஊரே செல்ஃபி எடுக்கிறது, எங்கள் ஆட்கள் சுவரைத் தடவுகிறார்கள். மஞ்சள் சுவர், வெள்ளை ஓரம், மேலே கொத்துக் கொத்தாகக் காகிதப்பூ. "இந்த மஞ்சளுக்கு அரக்கு பார்டர் போட்டா கொல்லும்." "அரக்கு வேணாம், இந்த பூ கலரே போடு." ஒரு வீட்டு இரும்புக் கேட்டின் முன்னால் அப்பா குந்திவிட்டார். வளைவு வளைவாக இலை மாதிரி கம்பி. விரலால் காற்றில் கோடு போட்டு, எத்தனை வளைவுக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று எண்ணுகிறார். வாட்ச்மேன் வெளியே வந்தார்.

"இன்னா சார் வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. கேட்டு நல்லா இருக்குது."

"விக்கறதுக்கு இல்ல சார்."

"நான் நெய்றதுக்குக் கேக்கறேங்க."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அப்பா அவ்வளவு சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம். ஒரு வெள்ளைக்காரம்மா கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு சைக்கிளில் போனாள். அத்தை நடுரோட்டில் அவளை நிறுத்தி, முந்தானையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "காட்டன்தான், ஆனா கரை சுத்தமா இருக்குது" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினாள். அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

போட் ஹவுஸ். அம்மா லைஃப் ஜாக்கெட்டோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள், அதில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரிக்கிறாள். படகு சாயும்போதெல்லாம் பதினாலு பேரும் ஒரே குரலில் "முருகா". இரண்டேகால் மணி. எல்லாருக்கும் அகோரப் பசி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன். பெஞ்சில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. தண்ணீர் தெளித்தாயிற்று.

மெஸ் அக்கா வஞ்சிர வறுவல் தட்டோடு வந்தாள்.

பதினாலு பேரும் தட்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் என்னைப் பார்க்கிறார்கள். அம்மா மெதுவாக, "தமிழு... இன்னிக்கி இன்னா நாளுடா?" என்றாள்.

புதன்கிழமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எட்டியது.

அமாவாசை. அமாவாசை அன்று எங்கள் தெருவில் முட்டை கூட உடைக்க மாட்டார்கள். எனக்கு அமாவாசை என்றால் தறிச் சத்தம் இல்லாத நாள், ஆகாஷோடு பஸ் ஸ்டாண்டு போய்ப் புரோட்டா தின்கிற நாள், அவ்வளவுதான். அமாவாசை, அமாவாசை என்று பத்து நாளாக நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லி, நானே ஆள் சேர்த்து, நானே மீனும் சொல்லியிருக்கிறேன். எவனாவது செய்வானா? நான் செஞ்சேன். நானே செஞ்சேன்.

மாமா இலையை மடித்தார். சாப்பிடாத இலையை. "நல்லா கவனிச்சடா" என்றார்.

மெஸ் அக்காவிடம் ஓடினேன். சாம்பார், ரசம் ஏதாவது?

"இங்க ரசத்துலயே நண்டுதான் தம்பி. பதினாறு சொன்ன, பதினாறு ஆக்கிட்டேன். மீனு திரும்ப கடலுக்கா நீந்திப் போவும்?"

ஆகாஷ் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். இரண்டு சைவ ஹோட்டல். ஒன்றில் சாப்பாடு முடிந்துவிட்டது. இன்னொன்றில் அமாவாசைக் கூட்டம் ரோடு வரைக்கும். போன் பண்ணினான். "மச்சான், நாலு மணிக்கு முன்ன சீட்டு கெடைக்காது."

மரத்தடியில் போய் நின்றேன். அழவில்லை. கண்ணில் மண். அங்கேதான் அந்தக் குரல் கேட்டது.

"கடல் வரைக்கும் வந்து புளிசோறா துன்றது? அங்க பாரு, எப்டி வறுக்குறான்னு! இந்த வயிறு நம்மள சும்மா வுடுமா?"

திரும்பினேன். ஒரு பஸ் நிற்கிறது. மரத்தடியில் பாய் விரித்து இருபது, இருபத்திரண்டு பெண்கள். நடுவில் இரண்டு பெரிய அன்னக்கூடை. ஒன்றில் புளிசோறு, ஒன்றில் தயிர்சோறு. உருளைக்கிழங்கு, அப்பளம், ஊறுகாய். இன்னும் யாரும் தட்டு எடுக்கவில்லை. பேசியவள் அறுபது வயது இருக்கும், வெற்றிலைப் பல், பேர் சின்னபொண்ணு என்று பிறகு தெரிந்தது. மூக்கு மெஸ் பக்கமே இருந்தது.

கேட்டுவிட்டேன். யோசிக்கவே இல்லை. "ஆயா, பதினாலு மீன் சாப்பாடு சூடா இருக்குது. ரெண்டு எனக்கும் என் பிரெண்டுக்கும். உங்க சோறு எங்களுக்கு வேணும். மாத்திக்கலாமா?"

"இன்னாடா, கடத்தல் கேஸா?" என்றாள்.

குழுத் தலைவி எழுந்து வந்தாள். கனிமொழி அக்கா. கலசப்பாக்கம் பக்கம் ஒரு ஊர், மகளிர் குழு, வருஷத்துக்கு ஒரு டூர். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றாள். முடியவில்லை. "ஏம்பா, அமாவாசைக்கு லீவு வுடற ஆளுங்களுக்கு மீனா சொன்ன?" பாயே குலுங்கியது. "எங்களுக்கு ஆடி அமாவாசதான் கணக்கு. மத்த நாளுக்கு மீனு வந்தா மரியாத கொடுப்போம்" என்று சின்னபொண்ணு ஆயா முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

முடிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களை மரத்தடிக்குக் கூட்டி வந்தேன். எல்லாரும் பாயைப் பார்த்தார்கள், சோற்றைப் பார்த்தார்கள். மாமாதான் கேட்டார்.

"யாரு ஆக்கினது?"

உப்பு போட்டிருக்கிறதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. கனிமொழி அக்கா முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கரண்டியை அன்னக்கூடையில் வைத்தாள்.

"பத்து பேரு சேந்து ஆக்கினோங்க. பேரு சொல்லட்டா, தெரு சொல்லட்டா?"

"புளி மட்டும் கடையில வாங்கினது சாமி" என்றாள் சின்னபொண்ணு ஆயா. "அது எந்த தெருன்னு எனக்குத் தெரியாது."

எனக்குக் காது சுட்டது. "மாமா, பசிச்சா சாப்புடுங்க. இல்லன்னா வண்டியில வாழப்பழம் இருக்குது. போய் துன்னுங்க."

அப்படியே சொன்னேன். அப்பாவின் முதலாளியிடம். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

அம்மாதான் முதலில் நகர்ந்தாள். செருப்பை விட்டாள், பாயில் கனிமொழி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், தட்டை நீட்டினாள். "வேர்க்கடல தூக்கலா போட்டிருக்கீங்க போல. வைங்க" என்றாள். அடுத்தது ஜெயம் அத்தை. மாமா "ஜெயம்" என்றார், ஒரு மாதிரியான குரலில். "எனக்கு சுகர். மாத்திர போட்டாச்சு. மயக்கம் போட்டா நீங்களா தூக்குவீங்க?" என்று உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஒவ்வொருவராக. பத்து நிமிஷத்தில் யார் மகளிர் குழு, யார் ஆரணி என்று தெரியவில்லை. புளிசோறு நன்றாக இருந்தது என்று சொன்னால் போதாது, எங்கள் ஆட்கள் மூன்றாம் முறை கேட்டார்கள். அந்தப் பக்கம் வஞ்சிரம் துண்டு துண்டாகப் போயிற்று. சின்னபொண்ணு ஆயா மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டே என்னைப் பார்த்து, "மாசா மாசம் இப்டி தப்பு பண்ணுடா கண்ணு" என்றாள்.

இரண்டு பேர் சாப்பிடவில்லை. ஒன்று மாமா. வண்டியில் போய் உட்கார்ந்தார்.

இன்னொன்று அப்பா. பசிக்கவில்லை என்றார். வண்டிக்கும் பாய்க்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பாதிப் புடவை தறியில் கிடக்கிறது. அடுத்த பாவு யார் கொடுப்பது? எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. கனிமொழி அக்கா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் இரண்டு அடி வைத்தாள், பிறகு திரும்பிவிட்டாள். அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

அவர்கள் குழு என் நம்பரை வாங்கிக்கொண்டது. மாலை மறுபடி கடற்கரை, ஐஸ்கிரீம், பஞ்சுமிட்டாய், பாட்டு. திரும்பும்போது வந்தவாசியில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேயே அப்பா எல்லார் முன்னாலும் டூர் எப்படி என்று கேட்டுவிட்டார். அடுத்த அமாவாசைக்கு எங்கே என்று ஒருவர், வேளாங்கண்ணி என்று ஒருவர், காலையில் காக்காவை மட்டும் நேரத்துக்கு வரச் சொல்லு என்று ஒருவர். பதினோரு பேர் முடிந்து அத்தை. "இருவத்தாறு வருசத்துக்கும் சேத்து சுத்திட்டேன்டா."

மாமா டீ டம்ளரை வைத்தார்.

"ஏண்டா வந்தோம்னு ஆயிடிச்சு."

அதே வார்த்தை. அப்படியே. அத்தை, "அவரு கெடக்கறாரு, வுடு" என்றாள். அப்பா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சொன்னது சொன்னதுதான் தமிழு" என்றார்.

இன்னாப்பா அநியாயம்? பதிமூணு பேரு சிரிச்சிகினு வந்தாங்க. உனக்கும் கடல் புடிச்சிது, கேட்டு புடிச்சிது. அந்த ஆளு ஒருத்தன் சொல்லிட்டா ஆச்சா? அவன் வாயில இருந்துதான் உனக்கு எல்லாம் வரணுமா? இதையெல்லாம் கேட்டேனா? கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

28 ஜூன், சனி

அம்மா ஒரு விஷயம் சொன்னாள். கனிமொழி அக்கா மிச்சம் இருந்த புளிசோற்றை அம்மாவின் டிபன் பாக்ஸில் அடைத்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராக அடுப்படிக்குப் போய், நின்றுகொண்டே, லைட்டுகூடப் போடாமல் முழுவதையும் சாப்பிட்டாராம். "கண்ணு இருட்டிகினு வந்துச்சு லீலா" என்றாராம். டிபன் பாக்ஸையும் அவரே கழுவி வைத்தாராம்.

என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

30 ஜூன், திங்கள்

ஏறினேன். ஜன்னல் சீட். கம்பெனியில் ஷூ கொடுத்தார்கள், ஒரு சைஸ் பெரிசு. கேன்டீன் பரவாயில்லை. ஞாயிறு லீவு.

4 ஜூலை, வெள்ளி

ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது போன். கனிமொழி அக்கா.

"தம்பி, பாண்டிச்சேரியில மீன் மாத்தின தம்பிதானே?"

இனிமேல் என் பெயர் அதுதான் போல. பக்கத்து ஊரில் இன்னொரு குழு, அவளும் அவர்களோடு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போக வேண்டுமாம், பெரிய பஸ் வேண்டாம், பன்னிரண்டு பேர், இரண்டு சீட் காலியாக வந்தாலும் பரவாயில்லை. "சோறு நாங்களே ஆக்கிகினு வந்துடறோம். நீ எதையும் சொல்லித் தொலைக்காத" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

13ஆம் தேதி. ஆகாஷிடம் சொன்னதும் வண்டியிலிருந்து கோழியை விரட்டினான்.

8 ஜூலை, செவ்வாய்

அம்மா சொன்னது. மாமா பகலில் வந்திருக்கிறார், புடவை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க. தறியின் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னா லீலா, அந்த புளிசோறு செரிச்சிதா?" என்று சிரித்திருக்கிறார். அப்பாதான் பதில் சொல்லியிருக்கிறார், தறி மிதியை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல். "எனக்கு செரிச்சிது மாமா."

மாமாவுக்கு முதலில் புரியவில்லையாம். புரிந்ததும் கிளம்பிவிட்டாராம். புடவையைப் பார்க்கவே இல்லையாம்.

இதைச் சொல்லும்போது அம்மா கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். பயத்திலா என்று கேட்டேன். "தெரியல போடா" என்றாள்.

11 ஜூலை, வெள்ளி

மாமா ஒன்றும் செய்யவில்லை. இதுவரை. அடுத்த பாவு வருமா வராதா என்று தெரு முழுக்கப் பேச்சு. ஜெயம் அத்தை மட்டும் வாசலில் என்னை மடக்கி, மகாபலிபுரத்தில் யானைச் சிற்பம் எவ்வளவு பெரிசு என்று கேட்டாள்.

13 ஜூலை, ஞாயிறு

அஞ்சு மணி. சட்டை மாற்றியாயிற்று. தெருவில் மூன்று தறி ஏற்கெனவே ஓடுகிறது. எங்கள் வீட்டுத் தறி ஓடவில்லை.

எழுந்து பார்த்தால் அப்பா குளித்துவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பாதிப் புடவைமேல் துணி போர்த்தியிருக்கிறது. எங்கே என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் கேட்டார்.

"ரெண்டு சீட்டு காலின்னு சொன்னியே?"

"ஆமாப்பா."

"சோறு அந்த பொம்பளைங்க ஆக்கிகினு வராங்களா, கடையிலயா?"

"அவங்கதான்."

செருப்பை மாட்டினார். ஒரு கால், அப்புறம் இன்னொரு கால்.

"அப்ப எனக்கும் சேத்து சொல்லிடு."

கனிமொழி அக்காவுக்கு இப்போதே போன் பண்ணணும். தெருமுனையில் ஆகாஷ் ஹார்ன் அடிக்கிறான், அப்பா நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் போகணும்.